உச்சிக் குருத்து

"பூசை முடிய முக்கா மணி நேரந்தான் இருக்கு தம்பி. அவரு வாரதுக்குள்ள வெட்டிருங்க."

அமலோற்பவம் தெருமுனையையே பார்த்துக்கொண்டு சொன்னாள். சொந்த வீட்டு வாசலில் திருட வந்தவள் மாதிரி நின்றாள்.

அவள் கணவர் மரியானின் அப்பா, கொழும்பிலிருந்து தோணியில் கொண்டு வந்து நட்ட ஊசியிலை மரம் அது. தூத்துக்குடிக் கரையில் அந்தச் சாதி மரம் வேறு கிடையாது. அதில் ஒரு கன்று எடுக்க, தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் நர்சரி வைத்திருக்கும் ஜெபசிங் மூன்று வருஷமாகக் கேட்டு நடக்கிறார். மரியான் ஒரு இலையைக்கூடத் தொட விட்டதில்லை. நேற்று அமலோற்பவமே போன் பண்ணி வரச் சொல்லியிருந்தாள்.

"அண்ணாச்சி கோவிப்பாருல்லாக்கா?"

"கோவிக்கட்டும். எம் மவன் பேருல ஒரு கன்னு நடணும்."

ஜெபசிங் மரத்து உச்சியை அண்ணாந்து பார்த்தார். எட்டு மாதத்துக்கு முன்னால் சங்கு குளிக்க முங்கிய ஆன்றோ மேலே வரவே இல்லை. உடலும் கிடைக்கவில்லை. ஒரே மகன்.

"பக்கக் கொப்ப வெட்டி வச்சாலும் வேர் பிடிக்கும்க்கா. ஆனா ஆயுசுக்கும் தரையோட படுத்துத்தான் வளரும். உச்சிக் குருத்த வச்சாத்தான் நிமிந்து மரமாவும். அத வெட்டுனா தாய் மரத்துக்கு அழகு போயிரும், பாத்துக்கோங்க."

"உச்சியவே வெட்டுங்க."

மரம் ஏறும் சுடலைக்கண்ணன் இடுப்பில் கயிற்றைக் கட்டினான். "தென்னையில ஏறுனா எளநியாவது கெடைக்கும். இதுல ஊசிக்குத்துதான்" என்று முனகிக்கொண்டே ஏறினான். பாதியில் நின்று மூச்சு வாங்கினான்.

"யக்கா, அண்ணாச்சி இன்னுமா சங்குக்குப் போறாரு? தெனமும் முங்குதாரு, ஒத்தச் சங்கு கரைக்கு வரலியேன்னு கடப்புறமே சிரிக்குது."

"ஏலே, வாய மூடிட்டு ஏறு" என்றார் ஜெபசிங்.

அமலோற்பவத்துக்குக் கோபம் வரவில்லை. "அறுவத்து மூணு வயசு தம்பி. நேத்தும் காதுல ரெத்தம். இன்னொரு மட்டம் முங்குனா ஆள் மேல வரமாட்டாருன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பங்குச் சாமியார் சொல்லிப் பாத்தாச்சு, நான் கால்ல விழுந்தும் பாத்தாச்சு. நாளைக்கும் போவாரு."

ஜெபசிங் மேலே பார்த்து, "ரெண்டடி போதும்லே!" என்று கத்தினார்.

"பத்தாது" என்றாள் அமலோற்பவம். "கடப் பக்கம் எதுத்த மாடி வீட்டுத் தண்ணித் தொட்டி இருக்கில்ல? அந்த ஒசரத்துக்குக் கொறச்சு வெட்டிருங்க."

"யக்கா, அது பன்னெண்டு அடி வரும். கன்னுக்கு எதுக்கு அவ்வளவு?"

"காத்துக்கு ஆடிக்கிட்டே கெடக்கு. வெட்டச் சொல்லுங்க."

அறுத்த உச்சி கயிற்றில் தொங்கி இறங்கியது. ஜெபசிங் நுனியை மட்டும் சாய்வாக நறுக்கினார். கீழ் இலைகளை உருவிவிட்டு, வேர் விடவைக்கும் பொடியில் முக்கி, ஈரத் தேங்காய் நார்த்தூள் நிரப்பிய பையில் ஊன்றினார். கைக்குழந்தையை மூடுவது போல பிளாஸ்டிக் உறையால் மூடினார்.

நிமிர்ந்தபோது வாசலில் மரியான் நின்றார். பூசைக்குப் போன வெள்ளைச் சட்டை. காது இரண்டிலும் பஞ்சு.

"கோவிச்சுக்காதிய அண்ணாச்சி. இது உங்க மரத்தோட பிள்ள. வேர் விட்டதும் நானே கொண்டாந்து தாரேன்" என்று ஜெபசிங் பையை நீட்டினார்.

மரியான் பையைப் பார்க்கவில்லை. ஓட்டுக்கு மேலே, மரத்து உச்சி இருந்த வெறும் வானத்தையே பார்த்தார். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏளா, கடல்ல நின்னு இந்த மர உச்சியையும் கோயில் கோபுரத்தையும் நேர வச்சுத்தான நம்ம பய முங்குன எடத்துக்கு நான் போவேன்? இனி எத வச்சு அவனத் தேடுவேன்?"

அமலோற்பவம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்குத்தான் வெட்டச் சொன்னேன்."