விசிலுக்கு முன்

விசில் ஒலித்த 0.03 விநாடியில் தமயந்தியின் கால் கோட்டிலிருந்து எழும்பியது. காலனிப் பொங்கல் விளையாட்டில் பெண்களுக்கான ஐம்பது மீட்டர் ஓட்டம். பதினோரு வருடமாக ஓடுகிறாள். இந்த முறைதான் முதலில் வந்தாள்.

நடுவர் இயந்திரம் பதக்கத்தை நிறுத்திவைத்தது. உலகப் போட்டிகளின் விதிகள் இப்போது தெருப் போட்டிகளுக்கும் உண்டு. சத்தம் காதில் விழுந்து கால் நகர மனிதருக்கு 0.03 விநாடியைவிட அதிக நேரம் பிடிக்கும். ஆகவே, விசில் வருவது அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"தெரியாம என்ன?" என்றாள் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா. "ஊதினது அவ புருஷன். இருபத்தாறு வருஷமா அந்த மூஞ்சியைத்தானே பார்க்கிறா. கன்னம் உப்புறப்பவே கிளம்பிட்டா."

இயந்திரம் அதைக் குறித்துக்கொண்டது. மேல்முறையீட்டுக்கு ஒரு படிவத்தைக் கணவர் சபாபதியிடம் நீட்டியது. 'எனக்கும் என் மனைவிக்கும் இடையே எவ்விதப் புரிதலும் இல்லை என உறுதியளிக்கிறேன்.'

சபாபதி நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.

பதக்கம் வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். தமயந்தி அதைக் கழுத்தில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"என்னங்க, படிச்சுப் பார்த்துட்டுத்தான் போட்டீங்களா?"