தனி ஆளுக்கு அனுமதி இல்லை

"குடும்பத்தோட வந்திருக்கியா?"

"இல்லை."

"அப்போ உள்ளே விட முடியாது. தள்ளி நில்லு."

ரியாத் நகரத்துப் பெரிய மால் ஒன்றின் வாசல். வியாழக்கிழமை சாயங்காலம். அங்கே வார விடுமுறையான வியாழன், வெள்ளிகளில் தனியாக வரும் ஆண்களை மாலுக்குள் விடாத காலம் அது.

ஃபவாஸுக்கு இது தெரியாததல்ல. அந்த நாட்டுக்காரன்தான்; தூரத்துச் சின்ன ஊர் ஒன்றிலிருந்து வேலைக்கு வந்து, எட்டு வருஷமாக இந்த ஊரில் தனிக்கட்டையாகக் காலம் தள்ளுகிறவன். காப்பீட்டு நிறுவனத்தில் கம்ப்யூட்டர் இன்ஜினியர், கை நிறையச் சம்பளம். என்ன இருந்து என்ன? வீடு கேட்டுப் போனால் 'பேச்சுலருக்குக் கிடையாது' என்பார்கள். ஓட்டலுக்குப் போனால் சமையல்கட்டை ஒட்டிய மூலைதான்.

ஆனால் இன்றைக்கு அவன் ஊர் சுற்ற வரவில்லை.

"அண்ணே, ரெண்டாவது மாடியில காது மெஷின் கடை இருக்கு. எங்கம்மாவோட மெஷினை ரிப்பேருக்குக் குடுத்திருந்தேன். வாங்கிட்டு உடனே வந்துடறேன்."

"சனிக்கிழமை வா. வேலை நாள்ல விடுவோம்."

"நாளைக்கு ஊர்ல என் தங்கச்சிக்குக் கல்யாணம்ணே. இன்னிக்கு ராத்திரி எனக்கு பஸ். மெஷின் இல்லேன்னா அம்மாவுக்கு ஒரு சத்தமும் கேக்காது. பெத்த பொண்ணு கல்யாணத்துல வாழ்த்தறவங்க சொல்றதுகூடப் புரியாம பொம்மையாட்டம் உட்கார்ந்திருப்பாங்க."

அவன் நீட்டிய ரசீதைக் காவலாளி வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"போன வாரம் ஒருத்தன் இப்படித்தான் பாட்டிக்கு மருந்துன்னு சொல்லி அழுதான். உள்ளே விட்டா, பொண்ணுங்க பின்னாலேயே சுத்தறான்."

"சரி, நீங்களே போய் வாங்கிட்டு வந்து குடுங்களேன்."

"வாசலை யாரு பார்ப்பா? உங்க தாத்தாவா?"

பக்கத்துக் கண்ணாடி அறையிலிருந்து மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்தார். காவலாளியின் குரல் இன்னும் உயர்ந்தது.

"உள்ளே போகணும்னா ஒரு கல்யாணத்தைப் பண்ணிட்டு, பெண்டாட்டியைக் கூட்டிட்டு வா!"

"காது மெஷின் வாங்கறதுக்கா கல்யாணம் பண்ணணும்?"

பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஃபவாஸுக்கு அவமானமாக இருந்தது.

கடைக்குப் போன் செய்தான். "நான் ஒருத்தன்தான் சார் இருக்கேன். கடையை விட்டுட்டுக் கீழே வர முடியாது" என்றார் கடைக்காரர்.

மனைவி, மகள்களோடு வந்த ஒருவரிடம் கூச்சத்தை விட்டுக் கேட்டான். "உங்களோட வந்த மாதிரி என்னையும் உள்ளே கூட்டிட்டுப் போறீங்களா?"

"நான் வயசுப் பொண்ணுங்களை வெச்சிருக்கேன். உன்னைச் சேர்த்துக்க எனக்கென்ன பைத்தியமா?"

அடுத்த குடும்பம் அவன் வாயைத் திறப்பதற்குள் நடையைக் கட்டிவிட்டது.

கார் நிறுத்துமிடத்து ஓரமாகப் போய் உட்கார்ந்தான். தூரத்தில் அந்தக் காவலாளி முதுகைத் திருப்பிக்கொண்டு செல்போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். 'பேச மட்டும் நேரமிருக்கு' என்று பல்லைக் கடித்தான்.

சற்று நேரத்தில், நடைபாதையில் குழந்தைகள் துணி விற்கும் பெண் ஒருத்தி, கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு அவனிடம் வந்தாள். கறுப்புத் திரைக்குள் கண்கள் மட்டும் தெரிந்தன. தோளில் ஒரு சின்னப் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"காது மெஷினுக்கு வந்தது நீதானே?"

வாசலில் போட்ட சத்தம் ஊருக்கே கேட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். "ஆமாம்."

"எழுந்திரு. இவளைத் தூக்கிக்கோ. நீ என் தம்பி, இவளுக்கு மாமா. வாசல்ல திருதிருன்னு முழிக்காதே."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "ரொம்ப நன்றிக்கா. இதுக்கு நான் ஏதாவது..."

"அக்காவுக்கே காசு குடுப்பியா? பேசாம நட."

வாசலில் காவலாளி வழியை மறித்தார்.

"இது யாரு?"

"என் தம்பி" என்றாள் அவள்.

காவலாளி அவனை ஏற இறங்கப் பார்த்தார். கண்ணாடி அறைக்கும் கேட்கிற மாதிரி இரைந்தார். "இதை முன்னாடியே சொல்ல வாயில்லையா உனக்கு? இவ்வளவு நேரம் உயிரை வாங்கினியே! போ, போ!"

இருவரும் உள்ளே போனார்கள். கடைக்காரர் மெஷினைப் போட்டுக் காட்டினார். நன்றாக வேலை செய்தது. அதைச் சட்டைப் பையில் வைத்த பிறகுதான் ஃபவாஸுக்கு மூச்சே வந்தது. மூச்சு வந்ததும் கோபமும் வந்தது.

"அந்தக் காவலாளி இருக்கானே அக்கா, சரியான கல்நெஞ்சுக்காரன். ஒரு தாயோட கஷ்டம்னு சொல்றேன், மனசு இரங்குதா பாருங்க! நீங்க மட்டும் பரிதாபப்பட்டு வரலேன்னா என் கதி என்ன ஆகியிருக்கும்?"

"நான் எங்கே தம்பி பரிதாபப்பட்டேன்? நான் பாட்டுக்கு வியாபாரத்தைப் பார்த்துட்டிருந்தேன். போய் உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னதே அவருதான்."

"அவருன்னா... எவரு?"

"வாசல்ல உன்னைத் திட்டினாரே, அவருதான். உன் தோள்ல தூங்கறாளே, இவளோட அப்பா."