துறைமுகத் தெருவின் முடிவில்

சலவைக்கல் தெரு நேராகப் போய் நாணல் காட்டில் முடிந்தது.

கடல் இல்லை.

"இங்கேதான் கப்பல்கள் வந்து நின்றன" என்றாள் துருக்கிக்கார வழிகாட்டி. கடல் இப்போது பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டதாம். பழங்கால நகரமான எபேசஸைப் பார்க்க வந்த கூட்டம் நாணலைப் படம் எடுத்துக்கொண்டது. உள்ளே எங்கோ தவளை கத்தியது.

அவர் மட்டும் படம் எடுக்கவில்லை. முப்பத்தோரு வருடம் கடலுக்குள் கல் கொட்டி, அலைதடுப்புச் சுவர் கட்டிய என்ஜினியர். ஓய்வு பெற்றதும் மகள் எழிலரசி கூட்டி வந்திருந்தாள்.

வழிகாட்டி மேலும் சொன்னாள். ஆற்று மண் வந்து துறைமுகம் மேடாகிக்கொண்டிருந்தது. துறைமுக வாயைக் குறுக்கினால் ஆழம் கூடும் என்று அந்தக் கால மன்னனின் என்ஜினியர்கள் கணக்குப் போட்டார்கள். சுவர் கட்டிக் குறுக்கினார்கள். உள்ளே வந்த மண் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே தங்கிவிட்டது.

கூட்டம் சிரித்தது.

அவர் சிரிக்கவில்லை.

ஊரில் அவர் துறைமுகச் சுவர் கட்டத் தொடங்கியபோதே கலியபெருமாள் சொன்னார். மீனவர். துறைமுகத்துக்கு வடக்கே இருந்த குப்பத்திலிருந்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அலுவலகத்துக்கே வந்து சொன்னார்.

"சார், தெற்கால இருந்து வர்ற மண்ண ஒங்க கல்லு புடிச்சி வச்சிக்கும். வடக்கால எங்க கரைய கடல் தின்னுப்புடும்."

அவர் வரைபடத்தைச் சுருட்டி வைத்தார். இந்த ஆளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தார். அப்படித்தான் நினைத்தார்.

சுவர் எழுந்த பிறகு நான்கே மழைக்காலம். முதலில் வலை உலர்த்தும் திடல் கடலுக்குள் போனது. பிறகு மாரியம்மன் கோயில். பிறகு மூன்று தெரு. கலியபெருமாளின் வீடு கடலோரத்திலிருந்து இரண்டாவது.

அன்றைக்கு அந்த மனுஷனை உட்காரவாவது சொல்லியிருக்கலாம். எதிரே நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

துறைமுகத்தின் திறப்பு விழாக் கல்வெட்டுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அமைச்சர் பெயருக்குக் கீழே, பொடி எழுத்தில், அவர் பெயர். காண்ட்ராக்டரிடம் இரண்டு தடவை சொல்லிப் போட வைத்தது.

அவர் கையைத் தூக்கினார்.

"அந்த என்ஜினியர்களோட பெயர் என்ன?"

வழிகாட்டி உதட்டைப் பிதுக்கினாள். மன்னன் பெயரைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். கட்டியவர்கள் யாரென்று தெரியாது.

"கொடுத்து வச்சவங்க" என்றார், தமிழில்.

எழிலரசி திரும்பிப் பார்த்தாள்.

"யாருப்பா, ராஜாவா?"