பெட்டியும் கையுமாக

போனில் தம்பி ஜிப் இழுக்கும் சத்தம் கேட்டதுமே அக்கா கத்தினாள்.

"மறுபடியும் பெட்டியா? இது மூணாவது ஊருடா! இந்த வேலையையும் விட்டுட்டு ஓடப் போறியா?"

"துணியெல்லாம் எடுத்து அடுக்கிட்டிருக்கேன்க்கா. கை பரபரங்குது, தடுக்காத."

"அம்மாகிட்ட நான் என்னத்தச் சொல்ல? எங்கயாவது கால் தரிக்குதா உனக்கு?"

"ஊர் மேல தப்பில்லக்கா. எங்க போனாலும் நானும் கூடவே போயிடறேனே!"

அக்கா அழுதேவிட்டாள். "வீடியோவப் போடு, மூஞ்சியப் பாக்கணும்."

திரையில் காலிப் பெட்டி தெரிந்தது. பின்னால் அலமாரியில் சட்டைகள் வரிசையாகத் தொங்கின. கையில் மீதிச் சட்டைகளோடு தம்பி நின்றான்.

"எப்ப வேணா கிளம்பிடலாம்னு இத்தனை நாளும் பெட்டியிலேருந்தே எடுத்துப் போட்டுக்கிட்டேன். இன்னிக்குத்தான் இந்த அலமாரியவே திறந்தேன்க்கா."

அக்கா மூக்கை உறிஞ்சினாள். "அப்புறம் ஏன்டா முழிக்கிற?"

"ஹேங்கர் பத்தலக்கா."