ஐரோப்பாவுக்குப் போன இடியப்ப உரல்

நீக்கிலாப்பிள்ளையைக் கேட்டால், முதலில் பிழை விட்டது அமிர்தநாதர்தான்.

இவருடைய மகனின் கல்யாணத்துக்கு ஜேர்மனியிலிருந்து வந்து, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, மைக்கைப் பிடித்த கூட்டாளி அவர். "மாப்பிள்ளையின்ர தகப்பன் செய்யிற இடியப்ப உரலை வாங்கிற ஆக்கள், அம்புலன்சுக்கும் சொல்லி வையுங்கோ!"

மண்டபமே சிரித்தது. பெண் வீட்டாரும் சிரித்தார்கள். அன்றைக்கு அறுந்ததுதான் இரண்டு பேருக்கும் பேச்சு.

இப்போது அந்த உரலுக்கே வில்லங்கம் வந்துவிட்டது.

கனடாவில், மோர்னிங்சைட்டில் நீக்கிலாப்பிள்ளைக்குச் சின்னதாக ஒரு பட்டறை. அவர் உரல் செய்வார். மருமகள் கஜனி இன்டர்நெட்டில் விற்பாள். பாதி அமெரிக்காவுக்குப் போகும், பாதி ஐரோப்பாவுக்கு. அமெரிக்கா இரும்பு, சில்வர் சாமானுக்கு வரியை ஏற்ற, அந்தப் பக்கத்து ஓடர் நின்றது. ஐரோப்பா இன்டர்நெட்டில் விற்கிற சாமானுக்குப் புதுச் சட்டம் போட, உரலின் படத்தையே விற்பனைத் தளத்திலிருந்து தூக்கிவிட்டார்கள்.

"உன்ர வரி பிழை, உன்ர இன்டர்நெட் சட்டம் பிழை எண்டு கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நிண்டு அடிபடுகினம் மாமா" என்றாள் கஜனி.

"தென்னையில தேள் கொட்ட, பனையில நெறி கட்டினதாம். இடியப்ப உரல் செய்யிற நான் ஆருக்கு என்ன செய்தனான், பிள்ளை?"

மாத முடிவுக்குள் விற்பனை திரும்பாவிட்டால் பட்டறையைப் பூட்டவேண்டியதுதான்.

இரண்டு நாள் கழித்துக் கஜனி போனும் கையுமாக வந்தாள்.

"மாமா, கோவிக்காதேங்கோ. ஜேர்மனியில இருந்து அமிர்தநாதர் அங்கிள் கேக்கிறார், உரல் என்ன சில்வரில செய்யிறனீங்கள் எண்டு."

நீக்கிலாப்பிள்ளையின் கையிலிருந்த அரம் மேசையில் விழுந்தது.

"ஓகோ! இப்பதான் விளங்குது. உவன்தான் போட்டுக் குடுத்திருக்கிறான்! மைக்கில சொன்னது காணாதெண்டு இப்ப கவுண்மென்ருக்கும் சொல்லிப்போட்டான்."

"அப்பிடியெண்டில்லை மாமா…"

"சொல்லு உவனுக்கு. சாப்பாட்டுச் சாமானுக்கெண்டே வாற முதல் தரச் சில்வர். தகடு வாங்கின கடையின்ர பேரையும் சொல்லு. போய்க் கேக்கட்டும்!"

அடுத்த நாள் அடுத்த கேள்வி. "கைபிடி வளையுமோ எண்டு கேக்கிறார் மாமா."

"வளையுமோவோ? எடு வீடியோ!"

உரலை நிலத்தில் வைத்து, அலுமாரியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலையும் கைபிடியில் ஊன்றி ஏறி நின்றார். "பார்றா டேய், வடிவாப் பார்! அம்புலன்சு எங்கயடா?"

கஜனி சிரிப்பை அடக்கிக்கொண்டு படம் பிடித்தாள்.

"சுடு மாவோட பிழிஞ்சா அடித்தட்டு கழருமோ எண்டும்…"

சுடுதண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி மாக் குழைத்து, அதையும் பிழிந்து காட்டினார். ஆவி முகத்தில் அடித்தது. கோபத்தில் அது சுடவே இல்லை.

இப்படி ஒரு கிழமை. அமிர்தநாதரைத் திட்டித் திட்டியே எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லி முடித்தார்.

பிறகொரு மத்தியானம் கஜனி ஓடி வந்தாள். "மாமா! உரல் திரும்பவும் ஐரோப்பாவில விற்பனைக்கு வந்திட்டுது. டென்மார்க்கில இருந்து இப்பவே ஓடர்!"

நீக்கிலாப்பிள்ளை அந்தோனியாரை நினைத்து நெஞ்சில் சிலுவை போட்டார். கண் கலங்கிவிட்டது.

"பாத்தியே பிள்ளை! உவன்ர முறைப்பாட்டைக் குப்பையில போட்டிட்டாங்கள்."

கஜனி கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"ஒருத்தரும் முறைப்பாடு செய்யேல்லை மாமா. ஐரோப்பாவில இருக்கிற ஒராள் தன்ர பேரையும் விலாசத்தையும் குடுத்து, இந்த உரலுக்கு நான் பொறுப்பு எண்டு நிக்கவேணும். அதுதான் புதுச் சட்டம். முதல் உங்கட தம்பியைத்தான் கேட்டனான், பாரிசில."

"அவன் தங்கமான பிள்ளை. ஓமெண்டிருப்பான்."

"ஏலாதெண்டிட்டார். ஆராவது கையை நசுக்கிப்போட்டு வழக்குப் போட்டா, தான் ஏன் கோடு கச்சேரி ஏறவேணுமெண்டு கேட்டார். பிறகு கேட்ட ஆக்களும் அதையேதான் சொல்லிச்சினம்."

நீக்கிலாப்பிள்ளை மேசையில் கிடந்த அரத்தை எடுத்து ஓரமாக வைத்தார்.

"கடைசியா அமிர்தநாதர் அங்கிளுக்கு எடுத்தன். கேட்ட உடன ஓமெண்டார். பொறுப்பு நிக்கிற ஆளிட்ட அங்க என்னென்ன கேப்பினமோ, அதைத்தான் உங்களிட்டக் கேட்டவர். தன்ர பேரைச் சொன்னாத்தான் நீங்கள் ரோசத்தில ஒண்டும் விடாமல் செய்து காட்டுவியளாம். ஏனெண்டு மட்டும் சொல்லவேண்டாமாம். சொன்னா உரல் எல்லாத்தையும் உருக்கிப்போடுவியளாம். இனி அங்க உங்கட உரலால என்ன நடந்தாலும், தேடி வாறது அவரின்ர வீட்டுக்குத்தான்."

நீக்கிலாப்பிள்ளை எழுந்து, இருந்த உரல்களில் திறமானதாக ஒன்றை எடுத்து, தன் கையாலேயே துடைத்து, பெட்டியில் வைத்தார்.

"உதை முதல் அனுப்பு. ஜேர்மனிக்கு."

"நன்றியெண்டு எழுதி வைக்கவோ மாமா?"

"எழுது. பெரிசா எழுது" என்றார். கனைத்துக்கொண்டார்.

"கீழ ஒரு வரி. மைக்கில சொன்னதுக்கு மன்னிப்பு இன்னும் வந்து சேரேல்லை எண்டும் எழுது."