சிவப்பு மை

"காபி ஆறிப்போச்சு" என்றார் சிவப்பு மை.

"மன்னிச்சுக்குங்க. வேற போட்டுத் தர்றேன்" என்று கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள் மனைவி.

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு பதில் வந்ததே இல்லை. "வச்ச உடனே குடிச்சிருக்கணும்" என்றுதான் வரும்.

அவர் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். தாளில் பிழை பார்த்துப் பார்த்து, ஆட்களிடமும் பார்க்க ஆரம்பித்துவிட்டார். 'சிவப்பு மை' என்ற பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். மளிகைச் சீட்டைக்கூடத் திருத்திவிட்டுத்தான் பையை எடுப்பார். சபையில் யாராவது ஜெபம் பண்ணினால், ஆமென் சொன்ன கையோடு, "நடுவுல ஒருமை பன்மை உதைக்குதே" என்பார்.

போன வெள்ளிக்கிழமை நெஞ்சு கனக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனார். ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு வாரத்தில் ரிப்போர்ட் மனைவியின் போனுக்கு வரும் என்றார்கள். இரண்டு நாள் ஓய்வில் இருக்கச் சொன்னதால் ஞாயிறு ஆராதனைக்கு மனைவி மட்டும் போய்வந்தாள்.

திங்கட்கிழமையிலிருந்து இந்த மரியாதை.

செவ்வாயன்று அச்சகத்தில், ஒரே பக்கத்தை மூன்றாம் தடவையாக ஃபோர்மனிடம் நீட்டினார். ஃபோர்மனும் அதே சபைதான்.

"இங்க ஒரு காற்புள்ளி தள்ளி நிக்குது. மறுபடி எடுங்க."

வேறு நாளாக இருந்தால் ஃபோர்மன் போடும் சத்தத்தில் தெருவே எட்டிப் பார்க்கும். இன்று கண்ணை மூடினார். உதடு மட்டும் ஏதோ முணுமுணுத்தது.

"சரி சார், எடுத்துடலாம். நீங்க உக்காருங்க, கால் வலிக்கப்போகுது."

சிவப்பு மை நிஜமாகவே உட்கார்ந்துவிட்டார்.

புதன்கிழமை மைத்துனன் வந்தான், அவனும் அதே சபை. எதைச் சொன்னாலும் வம்புக்கு நிற்கிறவன், "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் அத்தான்" என்றான். கிளம்பும்போது கையைப் பிடித்து, "உங்களுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன்" என்று வேறு சொல்லிவிட்டுப் போனான்.

அவ்வளவுதான். ரிப்போர்ட் வந்துவிட்டது. ஊருக்கே தெரியும், நமக்கு மட்டும் சொல்லாமல் மறைக்கிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டார். சாப்பாடு இறங்கவில்லை.

மனைவி ஒரே ஒரு தடவை திட்டிவிட்டால் போதும், பிழைத்துக்கொள்வோம் என்று தோன்றியது. வியாழக்கிழமை வேண்டுமென்றே வம்பிழுத்தார்.

"இது இஸ்திரி போட்ட சட்டையா, இல்ல மடிச்சு வச்சு மேல உக்காந்தியா?"

அவள் அவரையே பார்த்தாள். பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முகம் கழுவிக்கொண்டு வந்து, "குடுங்க, மறுபடி போடறேன்" என்றாள். கண் சிவந்திருந்தது.

சந்தேகமே இல்லை, கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை அதற்குமேல் தாங்கவில்லை.

"உண்மையைச் சொல்லு. இன்னும் எத்தனை மாசம்?"

"எதுக்கு எத்தனை மாசம்?"

"எனக்குத்தான்!"

"ஐயோ, என்ன பேச்சுங்க இது? ரிப்போர்ட் இப்பத்தான் வந்துச்சு. காட்டத்தான் வந்தேன், பாருங்க" என்று போனை நீட்டினாள்.

இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை. வெறும் வாயுத் தொல்லை. மூன்று தடவை படித்தார். கண் கலங்கிவிட்டது.

"அப்போ ஏன் எல்லாரும் என்கிட்ட இப்படி நடந்துக்கிறீங்க?"

"எப்படி?"

"நல்லபடியா!"

"இருங்க, காபி போட்டுட்டு வர்றேன்" என்று அவள் அடுக்களைக்கு நழுவிவிட்டாள்.

ஒன்றும் புரியவில்லை. நல்ல சேதிக்கு ஒரு ஸ்தோத்திரமாவது சொல்வோம் என்று மேசைமேல் இருந்த அவளுடைய வேதாகமத்தைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு சீட்டு விழுந்தது. சபையில் போன ஞாயிறு எல்லோருக்கும் கொடுத்த சீட்டு. அச்சானது அவருடைய அச்சகத்தில். திருத்தியதும் அவர்தான்.

'உங்கள் பொறுமையைச் சோதிக்கும் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். திங்கள் முதல் ஒரு வாரம் அவரிடம் நீடிய பொறுமையோடு நடந்துகொள்ளுங்கள். அவருக்காகத் தினமும் ஜெபியுங்கள். அவர் யார் என்று வெளியே சொல்லாதீர்கள்.'

'பொறுமையைச்' என்பதில் அந்த 'ச்', 'ஒருவரைத்' என்பதில் அந்த 'த்' இரண்டும் அவர் போட்டவை. எழுத்தைப் பார்த்தவர் வாக்கியத்தைப் பார்க்கவில்லை.

கீழே மனைவியின் கையெழுத்து.

'என் வீட்டுகாரர். திங்கள், கோவபடல. செவ்வாய், பல்லை கடிச்சேன். வியாழன், பாத்ரூம்ல அழுதேன். வெள்ளி, பாவம், எதுக்கோ பயந்து போயிருக்கார். கர்த்தாவே, அவருக்கு ஒன்னும் ஆக கூடாது.'

ஃபோர்மனின் உதடு ஏன் முணுமுணுத்தது, மைத்துனன் ஏன் கையைப் பிடித்தான் என்று ஒவ்வொன்றாக விளங்கியது. சபையில் அத்தனை பேர் இருந்தும் மூன்று பேருக்கும் ஞாபகம் வந்தது ஒரே ஆள். அவமானமாக இருந்தது.

சீட்டில் ஐந்து பிழைகள். கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்ப் பேனாவை எடுத்துத் திறந்தும்விட்டது.

கடைசி வரியை இன்னொரு தடவை படித்தார். பிறகு பேனாவை மூடிவிட்டு, சீட்டை இருந்த இடத்திலேயே வைத்தார்.

மனைவி காபியைக் கொண்டுவந்து வைத்தாள். "தம்பிகிட்ட போன்ல பேசிட்டே நின்னுட்டேன். ஆறிப்போச்சா?"

ஒரு வாய் குடித்தார். பச்சைத்தண்ணீராக இருந்தது.

"இல்லம்மா. நல்லாத்தான் இருக்கு."

அவள் பதறிப்போய் அவர் நெற்றியில் கையை வைத்தாள்.

"என்னங்க பண்ணுது உங்களுக்கு? உண்மையைச் சொல்லுங்க... டாக்டர் உங்ககிட்ட தனியா ஏதாவது சொன்னாரா?"