பயில்வான் செருப்பு

"ஏ மகாதேவி, உன் வீட்டுல யாருடி அந்த ஆம்பள?"

குழாயடியில் நின்று கௌரவ்வா கேட்ட கேள்வி தெருமுனை வரைக்கும் போயிற்று. குடங்களோடு நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். எதிர் டீக்கடையில், சிவப்பு மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றவன்கூடத் தலையை நிமிர்த்தினான்.

மகாதேவி அவனை அடையாளம் கண்டுகொண்டாள். சென்ற வாரம் அவள் வாசலில் வண்டியை நிறுத்தி, "வீட்டுல தனியாவா இருக்கீங்க?" என்று சிரித்தவன் அவன்தான்.

"எங்க... எங்க அண்ணன், அக்கா."

"அண்ணனாம் அண்ணன்! நாலு நாளா விடியறதுக்கு முன்னாடியே கரகர கரகரன்னு உன் வாசல்ல நடக்கிறான். பயில்வான் கணக்கா என்ன மிதி! நான் ரொட்டி தட்டறதா, அவன் செருப்புச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கறதா?"

"தங்கச்சியப் பாக்க வந்தவருக்கு வாசல்லதான் படுக்கையா?" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள்.

அரைக்குடம் நீரோடு மகாதேவி வீட்டுக்குத் திரும்பினாள். வெட்கம் அவளை விரட்டவில்லை. அச்சம் விரட்டியது.

அவளுக்கு அண்ணன் கிடையாது. அந்த வீட்டில் ஆணே கிடையாது.

அஞ்சலக வேலைக்கு மாற்றலாகி அவள் ஹுப்பள்ளிக்கு வந்தபோதே கதவின் தாழ்ப்பாள் உடைந்திருந்தது. ஆள் அனுப்புவதாக வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவளோ கையில் இருந்ததை வைத்துச் சமாளித்தாள். தாழ்ப்பாள் இருந்த வளையங்களில் சப்பாத்திக் கட்டையைச் செருகினாள். கதவை ஒட்டி எவர்சில்வர் டம்ளர்களைக் கோபுரமாக அடுக்கினாள். எவனாவது தள்ளினால் அவை உருண்டு அவளை எழுப்பிவிடும். தலையணைக்கு அடியில் மிளகாய்ப்பொடி. அப்படியும் விடியும் நேரத்தில்தான் அவளுக்குத் தூக்கமே வரும்.

மோட்டார் சைக்கிள்காரன் வந்துபோன மறுநாள், சந்தையில் பெரிய அளவில் ஓர் ஆண் செருப்பு வாங்கி வாசலில் போட்டாள். நடந்தால் கரகரக்கும் கோலாப்புரிச் செருப்பு. உள்ளே ஓர் ஆண் இருக்கிறான் என்று காண்பவர் நினைக்க வேண்டும். அதற்கு வேறு வேலை இல்லை.

வெறும் செருப்பு எப்படி நடக்கும்?

வாசலில் குடத்தை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். அடித்தோலில் மழைச்சேறு ஈரம் காயாமல் ஒட்டியிருந்தது. தெருவைப் பார்த்து அவள் போட்டுவைத்திருந்த செருப்பு, இப்போது கதவைப் பார்த்துக் கிடந்தது. உள்ளே நுழையப் போகிறவன் கழற்றிப் போட்டதுபோல.

யாரிடம் சொல்வது? எவனோ நடமாடுகிறான் என்று சொன்னால், அண்ணன் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அது டீக்கடைக்கு எட்டிவிடும்.

அன்றிரவு அவள் விளக்கை அணைக்கவில்லை, கண்ணையும் மூடவில்லை.

விடியலுக்குச் சற்று முன், எதிர்வீட்டில் கௌரவ்வா சோள ரொட்டி தட்டத் தொடங்கினாள். தட், தட், தட். ரொட்டிக் கடைக்காரியின் அந்த ஓசைதான் மகாதேவிக்கு இருந்த ஒரே துணை; மற்ற நாட்களில் அதைக் கேட்டபடியே கண்ணயர்ந்துவிடுவாள்.

சட்டென்று அது நின்றது.

பிறகு, கர்... கர்... கர்...

வாசற்படியில் இறங்கிற்று. சேற்றில் சளக்கென்று மிதித்தது. மீண்டும் ஏறிற்று. கதவருகே வந்து நின்றது.

கூப்பிட்டால் வர யாருமில்லை. காத்திருந்து சாவதைவிட நேரில் பார்த்துவிடலாம் என்ற ஒரு வெறி அவளுக்கு வந்தது. சப்பாத்திக் கட்டையை உருவினாள். மறு கையில் மிளகாய்ப்பொடியை அள்ளினாள். காலால் கதவை இழுத்துத் திறந்தாள். டம்ளர்கள் சரிந்து நாலாபுறமும் உருண்டன.

"யவ்வா! கொன்னுடாதடி!"

சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகி, முழங்கைவரை மாவு வெளுத்த கைகளோடு, தன் காலுக்குள் அடங்காத அந்தச் செருப்பை மாட்டிக்கொண்டு கௌரவ்வா நின்றாள்.

"அக்கா... நீங்களா?"

"வேற யாரு, உங்க அண்ணனா?" கௌரவ்வா படியில் உட்கார்ந்து கணுக்காலைத் தேய்த்தாள். "வாங்கினதுதான் வாங்கின, கொஞ்சம் சின்னதா வாங்கக்கூடாதா? ஒரு நாளைக்கு என் பல்லு போகப்போகுது."

"எதுக்கு அக்கா இப்படி?"

"போட்ட இடத்துலயே கிடந்துச்சு. வார்ல சிலந்தி வலை பின்னிருச்சு. அந்தச் சிவப்பு வண்டிக்காரன் நின்னு, குனிஞ்சு பாத்து, தனக்குத்தானே சிரிச்சுக்கிட்டுப் போனான். என் அடுப்படி ஜன்னல்லேருந்து பாத்தேன். செருப்புன்னா நடக்கணும்டி!"

மகாதேவியின் கையிலிருந்த கட்டை தாழ்ந்தது. அச்சம் போன இடத்தில் கோபம் வந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே! குழாயடியில அத்தன பேர் முன்னாடி என் மானத்த வாங்கிட்டு..."

"சொல்லியிருந்தா உன் மூஞ்சி அப்படி வெளுத்திருக்குமா? நீ முழிச்ச முழியில தெருவே நம்பிருச்சு. பயில்வான்னு சொன்னதும் பாதி டீயோட கிளாஸ வெச்சுட்டு அவன் வண்டிய எடுத்தானே, நீ எங்க பாத்த? குடத்தத் தூக்கிட்டு ஓடிட்ட."

கௌரவ்வா எழுந்தாள். செருப்பைக் கழற்றி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும்படி, அலுத்து வந்த ஆண் உதறிப் போட்டதுபோலப் போட்டாள். பிறகு தன் வீட்டுப்பக்கம் நடந்தபடியே சொன்னாள்:

"உன் செருப்பு வாசல் வரைக்கும்தான் காவல் காக்கும், தாயி. என் வாய் ஊர் எல்லை வரைக்கும் காக்கும்."